கொலைகாரனை விடுதலை செய்த உதை

*ஒரு சிறுவனின் கொலை, ஒரு கடலோர ஊர், 24 அத்தியாயங்கள். ‘நல்லவர் யார், கெட்டவர் யார்’ என்ற பழைய கணக்கை ‘பிராட்சர்ச்’ எப்படிக் கலைத்தது?*

காவல் நிலையத்தின் விசாரணை அறை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டே பழகியவர் எல்லி மில்லர். இன்று பதில் அவருக்குச் சொல்லப்படுகிறது. எதிரில் மேலதிகாரி அலெக் ஹார்டி. பதினொரு வயது டானியைக் கொன்றது யார் என்று அவர் தணிந்த குரலில் சொல்கிறார். எல்லிக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ குழப்பம், பெயர் மாறிவிட்டது என்கிறார். விளங்கியதும் நிற்க முடியாமல் சுவரோரம் ஒடுங்கிப்போகிறார்.

கொலைகாரன் அவருடைய கணவன் ஜோ. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவன். காலையில் தேநீர் போட்டுக் கொடுத்து மனைவியை வேலைக்கு அனுப்பிவைக்கும் சாது.

அவனைப் பார்க்க வேண்டும் என்கிறார் எல்லி. ஹார்டி அனுமதிக்கிறார். ஜோ ஏதோ கெஞ்சத் தொடங்குகிறான். எல்லி அவன்மேல் பாய்கிறார். கீழே விழுந்தவனை உதைக்கிறார், உதைத்துக்கொண்டே இருக்கிறார், சக போலீஸார் இழுத்துப் பிரிக்கும்வரை.

2013 ஏப்ரல் 22 அன்று பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் இந்தக் காட்சி ஓடியபோது ஏறத்தாழ 90 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த உதை தப்பு என்று அப்போது பதறியவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள். இரண்டாம் பருவத்தில் தொடர் அந்த உதைக்குக் கணக்குக் கேட்டது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஜோ விடுதலையானான்.



ஒரு பிணம், ஓர் ஊர்

‘சுழல்’, ‘வதந்தி’ இரண்டும் 2022-இல் வந்த பிறகு, தமிழில் மர்மத் தொடர் பார்க்கும் வழக்கமே மாறியிருக்கிறது. காணாமல் போன ஒரு பெண், கொல்லப்பட்ட ஒரு பெண், அவளைச் சுற்றி ஓர் ஊர், அந்த ஊரில் பொய் சொல்லாத ஆளே இல்லை. ‘இதில் ஹீரோ யார், வில்லன் யார்?’ என்று வீட்டில் வாக்குவாதம் நடக்காமல் இப்படிப்பட்ட தொடர்கள் முடிவதில்லை.

இந்த வகைக்கு வெளிநாட்டில் நீண்ட வரிசை உண்டு. 1990-இல் அமெரிக்காவில் ‘ட்வின் பீக்ஸ்’ ஒரு பள்ளி மாணவியின் பிணத்தோடு தொடங்கி, அவள் வீட்டுக்குள்ளேயே போய் முடிந்தது. 2007-இல் டென்மார்க்கின் ‘ஃபோர்ப்ரிடெல்சன்’ ஒரே ஒரு கொலைக்கு 20 அத்தியாயங்கள் ஒதுக்கி, துப்பறிவதற்குக் கொடுத்த நேரத்தைப் பெற்றோரின் துக்கத்துக்கும் கொடுத்தது. பிராட்சர்ச் இவற்றின் வாரிசு. ஆனால், கண்டுபிடித்தபின் என்ன ஆகும் என்ற கேள்வியை அதுபோல விடாப்பிடியாகத் துரத்திய தொடர்கள் குறைவு.

> ■ தொடர் ஒரு பார்வை
>
> • உருவாக்கி எழுதியவர்: கிறிஸ் சிப்னல்
>
> • மூன்று பருவங்கள்: 2013, 2015, 2017. ஒவ்வொன்றிலும் 8 அத்தியாயங்கள்
>
> • முதன்மை நடிகர்கள்: ஒலிவியா கோல்மன் (எல்லி), டேவிட் டெனன்ட் (ஹார்டி), ஜோடி விட்டேகர் (டானியின் தாய் பெத்), ஆண்ட்ரூ பியூகன் (தந்தை மார்க்), மேத்யூ கிராவெல் (ஜோ)
>
> • இசை: ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஓலாவுர் ஆர்னால்ட்ஸ்
>
> • படப்பிடிப்பு: டோர்செட்டின் வெஸ்ட் பே (இங்கிலாந்தின் தென்கரை), சோமர்செட்டின் கிளீவ்டன். வெஸ்ட் பேயின் மஞ்சள் மணற்பாறைச் செங்குத்துதான் தொடரின் முகம்
>
> • 2014 பாஃப்டா விருதுகள்: சிறந்த நாடகத் தொடர், சிறந்த நடிகை (கோல்மன்), சிறந்த துணை நடிகர் (டேவிட் பிராட்லி)
>
> • கொலையாளி யார் என்பது படப்பிடிப்பின்போது பெரும்பாலான நடிகர்களுக்கே சொல்லப்படவில்லை

சந்தேகம் கொன்ற கிழவர்

துணை நடிகர் விருது வாங்கிய டேவிட் பிராட்லி ஏற்ற வேடத்தின் பெயர் ஜாக் மார்ஷல். பத்திரிகைக் கடை வைத்திருக்கும் முதியவர். ஊர்ச் சிறுவர்களைச் சேர்த்துக் கடற்படைப் பயிற்சிக் குழு நடத்துகிறார். டானி அவருடைய கடையில் பத்திரிகை போடும் பையன்.

அவருக்கு ஒரு பழைய வழக்கு இருந்தது. ஆசிரியராக இருந்த காலத்தில், பதினாறு நிறையாத மாணவியோடு உறவு வைத்ததற்காகச் சிறை சென்றவர். வெளியே வந்து அவளையே மணந்துகொண்டார். அவர்களுக்குப் பிறந்த மகன் சிறு வயதில் விபத்தில் இறந்துவிட்டான். இவ்வளவும் வெளியே வந்தபோது ஊருக்கும் பத்திரிகைகளுக்கும் எட்டியது ‘சிறுவர்’, ‘சிறை’ என்ற இரண்டு சொற்கள்தான். மகனை இழந்தவர் சிறுவர்களைக் கட்டியணைத்தது குற்றத்தின் அடையாளம் ஆனது. கடை வாசலில் கூட்டம் கூடியது. ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவில் ஜாக் கடற்கரையில் பிணமாகக் கிடக்கிறார். தற்கொலை. டானியின் சாவில் அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

ஜாக்கை அப்பழுக்கில்லாதவராக எழுதியிருந்தால் நம் பரிதாபம் சுலபமாக வந்திருக்கும். சிப்னல் அந்தச் சலுகையைத் தரவில்லை. ஆசிரியராக அவர் செய்தது தவறு, அதற்குத் தண்டனையும் அனுபவித்தார். ஆனால், ஒரு தவறு செய்தவரை எல்லாத் தவறுகளுக்கும் பொறுப்பாளி ஆக்கலாமா? தொடரின் முதல் பெரிய கேள்வி இது. கேள்வி பார்வையாளருக்கும்தான். நான்கு வாரமாக ‘அந்தக் கிழவர்தான்’ என்று சோபாவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள்தானே?

பிரிட்டிஷ் பார்வையாளர்களுக்கு இது வெறும் கதையாகத் தெரிந்திருக்க முடியாது. 2010 டிசம்பரில் பிரிஸ்டல் நகரில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது, அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியரைப் போலீஸ் பிடித்து விசாரித்தது. அவருடைய தலைமுடியையும் பேச்சையும்கூடக் குற்றத்துக்குச் சாட்சியாக்கிப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. கொன்றவர் வேறொருவர். 2011-இல் எட்டுப் பத்திரிகைகள் அந்த ஆசிரியருக்கு அவதூறு இழப்பீடு கொடுத்தன. தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ இழுத்து மூடப்பட்டதும் அதே ஆண்டுதான். பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவ்சன் விசாரணையின் அறிக்கை 2012 நவம்பரில் வந்தது. நான்கே மாதத்தில் ஜாக் மார்ஷல் திரையில் வந்து நின்றார்.

ஹீரோ சொன்ன பொய்

ஊருக்குப் புதிதாக வந்த துப்பறிவாளர் ஹார்டியின் கையும் சுத்தமில்லை. அவர் முன்பு விசாரித்த சாண்ட்புரூக் வழக்கில் முக்கியமான சாட்சியப் பொருள், ஒரு பதக்கம், காரிலிருந்து திருட்டுப் போனது. வழக்கு சரிந்தது. பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன.

பிறகு தெரியவருகிறது: பதக்கம் இருந்தது அவருடைய மனைவியின் கார். மனைவியும் போலீஸ் அதிகாரி. காதலரைச் சந்திக்க வழியில் ஓட்டல் ஒன்றில் நின்றபோது திருட்டு நடந்தது. தாயின் கதை மகளுக்குத் தெரியக் கூடாது என்று ஹார்டி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

தமிழ்ப் படமாக இருந்தால் இந்த இடத்தில் பின்னணி இசை பொங்கி, தியாகம் என்று பெயர் சூட்டப்பட்டிருக்கும். பிராட்சர்ச்சும் அவரை மதிக்கிறது. ஆனால், சாண்ட்புரூக்கில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அந்தத் தியாகத்தால் என்ன கிடைத்தது என்றும் கேட்கிறது. வழக்கு எப்படி நாசமானது என்ற உண்மை அவர்களுக்கும் மறைக்கப்பட்டது. ஒரு மகளைக் காத்த பொய், இன்னொரு வீட்டை ஏமாற்றியது. இரண்டாம் பருவம் முழுக்க ஹார்டி அந்தப் பழைய வழக்கைத் தோண்டுவது திறமையை நிரூபிக்க அல்ல, பட்ட கடனை அடைக்க.

ஊரில் மற்றவர்களும் இதே ரகம்தான். டானியின் தந்தை மார்க், மகன் செத்த இரவில் எங்கே இருந்தார் என்று பொய் சொல்கிறார். ஓட்டல் நடத்தும் பெக்காவுடன் இருந்ததை மறைக்கவே அந்தப் பொய். அதனால் விசாரணை நாட்கணக்கில் திசைமாறுகிறது. எல்லியின் மகன் டாம், நண்பன் டானியோடு பேசிய செய்திகளை அழித்து மடிக்கணினியை உடைக்கிறான். கொலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால், ஒவ்வொன்றும் உண்மையான கொலைகாரனுக்கு ஒரு நாள் கூடுதலாகப் பெற்றுத்தருகிறது.

கொம்பு முளைக்காத வில்லன்

ஜோ முன்பு மருத்துவ அவசர ஊர்தியில் வேலை பார்த்தவன். இப்போது வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான். மகனின் நண்பனான டானியை ரகசியமாகச் சந்திக்கிறான். பணமும் கைபேசியும் தருகிறான். கட்டியணைப்பதைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை என்கிறான். அதற்குப் பாசம் என்றும் காதல் என்றும் பெயர் வைக்கிறான். டானி விலகப் பார்த்ததும், எல்லாம் வெளியே வந்துவிடுமே என்ற பயத்தில் கழுத்தை நெரிக்கிறான்.

இங்கேதான் இந்த வகைத் தொடர்கள் வழுக்கி விழும். வில்லனையும் மனிதனாகக் காட்டுகிறேன் என்று தொடங்கி, கடைசியில் அவனுக்கு வக்கீலாகிவிடும். பிராட்சர்ச் ஜோவைப் பேசவிடுகிறது, அழவிடுகிறது. அவன் சொல்வதை மட்டும் நம்பவில்லை. அவன் ‘காதல்’ என்று சொல்வது, பெரிய ஆள் ஒருவன் சிறுவனை மெல்லமெல்ல வளைத்த கதைதான் என்பதை நாம் உணர்கிறோம். தன் குற்றத்திலும் தானே பாதிக்கப்பட்டவன் என்று அவன் நினைப்பதுதான் அருவருப்பின் உச்சம்.

முதல் பருவ முடிவில் அவன் ஒளிந்து ஒளிந்து களைத்து ஒப்புக்கொண்டதைப் பார்த்து யாருக்காவது இரக்கம் கசிந்திருந்தால், இரண்டாம் பருவத்தின் தொடக்கம் அதைத் துடைத்துவிடுகிறது. நீதிமன்றக் கூண்டில் நின்று, ‘நான் குற்றவாளி இல்லை’ என்கிறான். டானியின் தாய் பெத் கருவுற்ற வயிற்றோடு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தூக்கி எறிந்த கேள்வி திரும்பி வந்தது

முதல் பருவத்தின் கூர்மையான திருப்பம் கொலைகாரனின் பெயரில் இல்லை. ஒரு கேள்வியில் இருக்கிறது. சூசன் ரைட் என்ற பெண்ணை எல்லி விசாரிக்கிறார். சூசனின் கணவன் பெற்ற மகள்களையே சீரழித்தவன். உன் வீட்டுக்குள் நடந்தது உனக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று எல்லி கேட்கிறார். நம்பாத பார்வை, உதட்டில் வெறுப்பு.

கடைசி அத்தியாயத்தில் அதே கேள்வியைப் பெத் எல்லியிடம் கேட்கிறார்.

எல்லிக்குத் தெரியாது. அவர் நல்ல போலீஸ், நல்ல தாய், ஊரே நேசிக்கும் மனுஷி. கண்டிப்பும் சிடுசிடுப்புமான ஹார்டி ‘யாரையும் நம்பாதே’ என்றபோது, ‘இது என் ஊர், இவர்களை எனக்குத் தெரியும்’ என்று வாதாடியவர். அந்த நல்ல குணம்தான் அவர் கண்ணை மறைத்தது. சூசனை அவர் எடைபோட்ட அதே தராசில் ஊர் அவரை எடைபோடுகிறது. குற்றம் செய்யாத ஒருவர் குற்றவாளியின் தண்டனையில் பாதியைச் சுமக்கிறார்: வேலை மாறுகிறது, சீருடைக் காவலராக வேறு ஊருக்குப் போகிறார், மகன் டாம் அவரோடு இருக்க மறுத்துச் சித்தி வீட்டில் தங்குகிறான்.

உதைக்கு வந்த விலை

இனி நீதிமன்றம். ஜோவின் வக்கீல் ஷரன் பிஷப் முதலில் கைவைப்பது அந்த உதையில். உடம்பெல்லாம் காயம் பட்ட ஒருவன் தந்த வாக்குமூலத்தை எப்படி நம்புவது? நீதிபதி வாக்குமூலத்தை ஒதுக்கிவைக்கிறார். வழக்கின் முதுகெலும்பு அன்றே முறிந்துவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாக வருகின்றன. எல்லி தன் சகோதரி லூசியிடமிருந்து தகவல் பெற 1,000 பவுண்டு கொடுத்திருந்தார். வீட்டுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல். நீதிமன்றத்தில் அது சாட்சிக்குக் கொடுத்த லஞ்சமாகிறது. கைது நடந்த இரவில் ஹார்டி ஆறுதல் சொல்ல எல்லியின் ஓட்டல் அறைக்குப் போயிருந்தார். அது கள்ளத்தொடர்பாகிறது, இருவரும் சேர்ந்து கணவனை மாட்டிவிட்டார்கள் என்ற கதையாகிறது. மகனை இழந்த மார்க், மகனின் நண்பன் டாமோடு ரகசியமாக விளையாடிப் பொழுதுபோக்கியது மார்க்கையே சந்தேகத்துக்கு இலக்காக்குகிறது.

அன்பும் கோபமும் துக்கமும்தான் இவர்களை இயக்கின. அவை ஒவ்வொன்றும் ஜோவுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டன. ஜூரிகள் சொன்ன தீர்ப்பு: குற்றவாளி இல்லை.

இந்த நீதிமன்றக் காட்சிகள் நடைமுறைக்கு ஒத்துவராதவை என்று பிரிட்டிஷ் வழக்கறிஞர்கள் பலர் அப்போதே நொந்துகொண்டார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் முன்னதாகவே அரங்கில் உட்கார்ந்து மற்றவர் சாட்சியத்தைக் கேட்பதெல்லாம் நடக்காது என்றார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. நடைமுறை பிசகினாலும் அடிப்படை பிசகவில்லை: போலீஸ் கையை ஓங்கினால் பலன் குற்றவாளிக்குப் போகலாம்.

> ■ வாக்குமூலம்: அங்கேயும் இங்கேயும்
>
> இங்கிலாந்தில்: 1984-ஆம் ஆண்டுப் போலீஸ், குற்றச் சாட்சியச் சட்டத்தின் 76-ஆவது பிரிவின்படி, போலீஸிடம் தரும் வாக்குமூலம் சாட்சியமாகலாம். ஆனால், அடக்குமுறையால் பெறப்பட்டது என்ற வாதம் எழுந்தால், அப்படி இல்லை என்று அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால், வாக்குமூலம் உண்மையாகவே இருந்தாலும் செல்லாது.
>
> இந்தியாவில்: போலீஸ் அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 23-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. சொன்ன தகவலைக் கொண்டு பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். மாஜிஸ்திரேட் முன்பு விரும்பித் தரும் வாக்குமூலம் வேறு.
>
> பின்னணி: போலீஸும் வருவாய்த் துறையினரும் மக்களைச் சித்திரவதை செய்வதாக எழுந்த புகார்களை ஆராய்ந்த குழு, சென்னை மாகாணத்தில் 1855-இல் அறிக்கை தந்தது. போலீஸிடம் தரும் வாக்குமூலத்துக்கான தடை 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே வந்துவிட்டது.

நம் திரையரங்குகளில் லாக்கப் அடி என்றால் விசில் பறக்கும். ஹீரோ போலீஸ் சட்டையின் கையை மடிக்கும்போதே கைதட்டல் தொடங்கிவிடும். அடி வாங்குபவன் கெட்டவன் என்பது நமக்கு முன்கூட்டியே காட்டப்பட்டிருப்பதால் அந்தக் கைதட்டலில் நெருடல் இருப்பதில்லை. ஜோவும் கெட்டவன்தான், சந்தேகமே இல்லை. இருந்தும் அடித்தது தப்பாக முடிகிறது. ‘நிரபராதியை அடித்துவிட்டால் என்ன செய்வது?’ என்பது வழக்கமான வாதம். குற்றவாளியையே அடித்தாலும் பெரும் விலை உண்டு என்பது அதைவிடக் கசப்பான பாடம்.

தீர்ப்புக்குப் பிறகு ஊர் எழுதிய தீர்ப்பு

விடுதலையான ஜோ ஊர் திரும்பலாம் என்று நினைக்கிறான். ஊர்க்காரர்கள் அவனைப் பிடித்து, டானி கொல்லப்பட்ட அதே பாறைமேட்டுக் குடிசைக்குக் கொண்டுபோகிறார்கள். கொல்லவில்லை. திரும்பி வந்தால் நடப்பது வேறு என்று சொல்லி நாடுகடத்துவதுபோல் அனுப்புகிறார்கள். அவன் தங்க இடம் ஏற்பாடு செய்வது ஊர்ப் பாதிரியார் பால் கோட்ஸ்.

பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. யோசிக்கும்போது நெருடுகிறது. இதே ஊர்தான் ஜாக் மார்ஷலின் கடை வாசலிலும் கூடியது. அன்று இருந்த அதே உறுதிதான் இன்றும். அன்று தப்பு, இன்று சரி. ஆனால், கூட்டத்துக்கு உள்ளே நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதானே தெரிந்திருக்கும்?

மூன்றாம் பருவத்தில் புதிய வழக்கு ஒன்று ஓடினாலும், பழைய காயம் ஆறவில்லை. மார்க் லிவர்பூலில் ஜோவைத் தேடிப்பிடிக்கிறார். கொல்லப் போனவரால் கொல்ல முடியவில்லை. ஜோ பேசப் பேச, தனக்குத் தேவையான பதில் அவனிடம் இல்லவே இல்லை என்று மார்க்குக்குப் புரிகிறது. பழிவாங்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் கடலில் இறங்குகிறார், காப்பாற்றப்படுகிறார். பெத் வேறு வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் வேலை. ஒரே துக்கம் இரண்டு பேரை இரண்டு திசையில் கொண்டுபோகிறது. திருமணம் நடுவில் முறிகிறது. இவர்களில் யார் சரி என்று தொடர் மதிப்பெண் போடவில்லை.

> ■ கொலைகாரன் மாறினால்?
>
> இதே கதையை 2014-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் அலைவரிசை ‘கிரேஸ்பாயின்ட்’ என்ற பெயரில் 10 அத்தியாயங்களாக எடுத்தது. டெனன்டே மீண்டும் துப்பறிவாளர். முடிவு மட்டும் மாறியது: அதில் டானியின் உயிரைப் பறித்தது அவனுடைய நண்பன் டாம். அதுவும் தந்தையைத் தாக்க வீசிய அடி தவறிப்பட்டு. தந்தை பழியை ஏற்கிறான். எல்லிக்கு இணையான பாத்திரத்தின் சிக்கலும் மாறிவிடுகிறது: கணவனை நம்பியது தவறா என்ற கேள்வி போய், மகனைக் காட்டிக்கொடுப்பதா என்ற கேள்வி வருகிறது. தொடர் ஒரே பருவத்தோடு நின்றது. பிரான்ஸில் 2015-இல் ‘மாலதெர்ரா’ என்ற பெயரில் மறுஆக்கம் வந்தது.

அழியாத கோடு

‘இங்கே யாருமே முழு நல்லவர் இல்லை, முழு கெட்டவர் இல்லை’ என்பது இப்போது மர்மத் தொடர் விமர்சனங்களின் நிரந்தர வாசகமாகிவிட்டது. கேட்க முதிர்ச்சியாக இருக்கிறது. உண்மையில் அது தப்பித்துக்கொள்ளும் வழி. எல்லோரும் சாம்பல் நிறம் என்றால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பிராட்சர்ச் அப்படி நழுவவில்லை. ஒரு சிறுவனைக் கொன்றவன் ஜோ. நீதிமன்றம் விட்டாலும் அந்தக் கோடு அழியாது. பொய் சொன்ன மார்க், உண்மையை மறைத்த ஹார்டி, உதைத்த எல்லி, கூட்டமாய் நின்ற ஊர் ஆகிய எவரையும் அது ஜோவுக்குச் சமமாக வைக்கவில்லை. ஆனால், கோட்டுக்கு நல்ல பக்கத்தில் நிற்பதாலேயே செய்ததெல்லாம் சரியாகிவிடாது என்று 24 அத்தியாயங்களாகச் சொல்கிறது. ஹீரோ என்பவர் தவறே செய்யாதவர் என்று நம்பி வளர்ந்த நமக்கு, தன் தவறின் விலையை யார் தலையிலும் கட்டாமல் தானே கட்டுபவர்தான் ஹீரோ என்ற விளக்கம் புதிது. அந்தக் கணக்கில், கணவனை உதைத்து, வழக்கைத் தோற்று, அதே ஊருக்குத் திரும்பி, அடுத்த புகாரை எழுதிக்கொள்ள உட்கார்ந்த எல்லி மில்லருக்கு அந்தப் பட்டத்தைத் தாராளமாகத் தரலாம்.